மூன்று மாமியார்களும் கும்சா வாத்தியாரும்

கும்சா வாத்தியார் வாயைத் திறந்தால் மூட மாட்டார். ஆட்டிடம் பேசுவார், டீசல் தீர்ந்து நிற்கும் லாரியிடம் பேசுவார், வகுப்பில் கேள்வியையும் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் வாயெடுப்பதற்குள் பதிலையும் தானே சொல்லிவிடுவார். நியாய் நியாய்க் காட்டில் எந்தக் குடியிருப்பிலாவது நாலு பேர் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்து, ஐந்தாவதாக இவர் வந்து சேர்ந்தால், மற்ற நாலு பேரின் வாய்க்கும் ஓய்வுதான். அப்பேர்ப்பட்ட மனிதரை வாயடைக்க வைக்கிற ஆள் உலகத்தில் ஒருத்தி இருந்தாள். அவருடைய மாமியார்.

மாமியாரோடு சண்டை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தக் காட்டின் ஆதி வேட்டைக் குடிகளான ஜுஹோவான் ஜனங்களில் மருமகன் மாமியாரை நேருக்கு நேர் பார்த்துப் பேசுவதில்லை. பக்கத்தில் உட்காருவதில்லை, பெயரை வாயால் சொல்வதில்லை. அவள் எதிரே வந்தால் கும்சா வாத்தியார் முள்ளுக்குள் இறங்கி வழி விடுவார். வேட்டையில் கிடைத்ததில் கொழுப்புள்ள பங்கு அவளுக்குத்தான் போகும். மனைவி ஊசேயின் கையால் போகும். "பங்கு நல்லா இருந்துச்சுன்னு உன் புருஷன்கிட்ட சொல்லு" என்று பதிலும் ஊசேயின் வாயால்தான் வரும். கல்யாணமாகிப் பதினாலு வருஷம், இருவரும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை நேரில் பேசியதில்லை. ஆனால் ஒருவர்மேல் ஒருவருக்கு அவ்வளவு பிரியம்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஜனத்தில் பெயர்கள் கொஞ்சம்தான். ஒரே பெயரைப் பத்துப் பேர் சுமப்பார்கள். பெயர் ஒன்றானால் உறவும் ஒன்று. உன் அப்பா பெயரை ஐந்து வயசுப் பொடியன் வைத்திருந்தாலும் அவன் உனக்கு அப்பாதான். யாரோடு சிரிக்கலாம், யாரிடம் தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் எதிராளியின் பெயரைக் கேட்ட பிறகுதான் தெரியும். கும்சா வாத்தியாரின் மாமியார் பெயர் சூகோ.

கும்சாவை ஏழு வயதில் ஒரு லாரியில் ஏற்றிக் கடைத்தெரு ஊரின் சர்க்கார் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே வாத்தியார்கள் எல்லோரும் தூர ஊர்க்காரர்கள். அவர்கள் பேசியது ஒன்றும் இவருக்குப் புரியவில்லை, இவர் பேசியதைக் கேட்டு வகுப்பே சிரித்தது. தன் பாஷையில் தண்ணீர் கேட்டதற்குப் பிரம்படி. விடுதியில் பெரிய பையன்கள் கம்பளியைப் பிடுங்கிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் தாக்குப்பிடித்துவிட்டு, இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஓடினார். மூன்று நாள் நடை, கிழங்கு தோண்டித் தின்றுகொண்டே. வீட்டில் யாரும் திட்டவில்லை. 'வந்துட்டியா' என்றார்கள், அவ்வளவுதான்.

பதினாலாவது வயதில் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பள்ளி வந்தது. அங்கே அவர் பாஷையிலேயே எழுத்து. நாற்பது நாளில் படிக்கக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதும் அவருக்கு வந்தது சந்தோஷம் இல்லை, ஆத்திரம். "இவ்வளவு சுலபமா இது? இத்தன வருஷம் நான் மக்குன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்று புத்தகத்தைத் தூக்கி எறிந்தார். பிறகு தானே போய் எடுத்து, மண்ணைத் துடைத்து, மறுபடி படித்தார். அந்த ஆத்திரம் இன்றுவரை தீரவில்லை. அதுதான் அவரை வாத்தியார் பயிற்சிக்கு அனுப்பியது, முப்பத்தாறாவது வயதில் பிரம்படி பட்ட அதே சர்க்கார் பள்ளிக்குத் திரும்பவும் இழுத்து வந்தது.

வந்ததும் தலைமையாசிரியர் ஹாமுன்யேலாவிடம் ஒரே ஒரு கோரிக்கை வைத்தார். முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு தினமும் ஒரு பாடவேளை ஜுஹோவான் பாஷையும் பழக்க வழக்கமும். ஜுஹோவான் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. கடைக்காரர் பிள்ளை, போலீஸ்காரர் பிள்ளை, எல்லாருக்கும், கட்டாயமாக.

ஹாமுன்யேலா கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏன் வாத்தியாரே, நாக்கச் சொடுக்குற பாஷைய போலீஸ்காரர் பொண்ணு கத்துக்கிட்டு என்ன பண்ணப் போகுது? இங்கிலீஷுக்கே நேரம் பத்தல."

ஜுஹோவான் பெற்றோர்களிலும் சிலர் முகம் சுளித்தார்கள். "வீட்டுல பேசுறத பள்ளிக்கூடத்துல எதுக்கு? பிள்ளைக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடு, போ" என்றார்கள். கும்சா விடவில்லை; பேசிப் பேசியே எல்லோரையும் களைக்க வைத்துவிட்டார். கடைசியில் ஒரு வருஷம் நடத்திப் பார்ப்பது, செப்டம்பரில் வட்டாரக் கல்வி ஆய்வாளர் வந்து பார்த்து எழுதுவதுதான் முடிவு என்று ஏற்பாடாயிற்று. அவர் வேண்டும் என்று எழுதினால் எல்லாருக்கும் கட்டாயம், வேண்டாம் என்றால் அன்றோடு வகுப்புக்கு மூடுவிழா.

முதல் நாளே கும்சா செய்த வேலை, வெளியூர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஜுஹோவான் பிள்ளைகளைக் கொண்டே ஒரு பெயர் கொடுக்க வைத்தது. போலீஸ்காரர் மகள் நங்குராவுக்குத் தாபே என்று பெயர் விழுந்தது. உடனே நாலு பேருக்கு அவள் அக்கா, ஒருவனுக்குச் சின்னம்மா. கம்பளி பிடுங்குவதில் பேர்போன கடைக்காரர் மகன் ஒருவனுக்குப் பெயர் வைத்ததும் விடுதியில் பாதிப் பேருக்கு அவன் மாமன் ஆகிவிட்டான். மருமகப்பிள்ளையின் கம்பளியைப் பிடுங்க அவனுக்கே கூச்சமாகிவிட்டது. போன வருஷம் ஜனவரியில் சேர்ந்த இருபத்திரண்டு ஜுஹோவான் பிள்ளைகளில் டிசம்பரில் மிஞ்சியது ஏழு. இந்த வருஷமும் இருபத்திரண்டு பேர்தான் சேர்ந்தார்கள். செப்டம்பர் வந்தும் பத்தொன்பது பேர் இருந்தார்கள்.

அந்தப் பத்தொன்பதில் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. மூன்று தடவை ஓடிப்போய் மூன்று தடவையும் தானாகவே திரும்பி வந்தவள். வகுப்பில் வருஷம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. வாத்தியாரும் அவளை அதட்ட முடியாது. ஏனென்றால் அவள் பெயர் சூகோ.

வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர் வந்தால் வாத்தியார் கூரையைப் பார்ப்பார். அவள் விரலைத் தூக்குவாள், இவர் ஒரு கோடு போடுவார். பலகைக்கு அழைக்க வேண்டுமானால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அத்தைக்கு மனசிருந்தா வரலாம், அவசரம் ஒண்ணும் இல்ல" என்பார். இதை ஒருநாள் பார்த்துவிட்ட ஹாமுன்யேலா, "கொடுமையே, பால்பல்லு விழுந்து முடியாத வயசுப் பொண்ணு உமக்கு அத்தையா?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை ஆய்வாளர் ஹெங்காரி அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். ஹெரேரோ இனத்துப் பெண்மணி. மாட்டுக்கொம்பு போல இரண்டு பக்கமும் நீண்ட தலைப்பாகை, தரையைத் தொடும் பாவாடை, கையில் பேனா. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

கும்சா அன்றைக்கென்று தயாராக இருந்தார். பெரிய தகரத் தட்டில் மணல் பரப்பி, விடியற்காலையிலேயே போய்ப் பார்த்துவைத்த தடங்களை அச்சுப் பிசகாமல் பதித்து வைத்திருந்தார். எது மான், எது கழுதைப்புலி, எந்தக் கால் நொண்டி, போய் எவ்வளவு நேரமாச்சு என்று கேட்டால் போதும், மற்ற நாளில் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்துவார்கள்.

"இது யாரு போன தடம்? சொல்லுங்க பாப்போம்."

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"சரி, இதாவது? இத தெரியாதவன் சோறு திங்கவே லாயக்கில்ல."

வழக்கமாகச் சிரிப்பு வெடிக்கும் இடம். முப்பது பிள்ளைகளும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நங்குராகூட வாயைத் திறக்கவில்லை. கடைசி பெஞ்சில் பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கும்சாவுக்கு முதுகில் வேர்வை வழிந்தது. ஒரு வருஷ உழைப்பு இந்த அரை மணியில் மண்ணாகப் போகிறதே என்று தட்டைப் பிள்ளைகள் பக்கம் இன்னும் நகர்த்தி வைத்தார்.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. தப்பு பிள்ளைகளிடம் இல்லை, தன்னிடம். அந்த அம்மாவுக்கு யாரும் பெயர் கொடுக்கவில்லை. பெயரில்லாத ஆள் யாருக்கு என்ன உறவு என்று எப்படித் தெரியும்? அத்தையா, அக்காவா, பாட்டியா? மாமியார் முறை ஆகிவிடக்கூடிய ஒருத்தி முன்னால் எந்தப் பிள்ளை சிரித்துக் கத்தும்? வாசலிலேயே தன் தங்கையின் பெயரைக் கொடுத்துவிட வேண்டும் என்று கும்சா முந்தின நாளே நினைத்துத்தான் வைத்திருந்தார். ஜீப்பையும் தலைப்பாகையையும் பார்த்ததும், பெரிய அதிகாரிக்குப் போய் நானாகப் பெயர் வைத்தால் தலைக்கனம் பிடித்தவன் என்று ஆகிவிடுமே என்று கூசி விட்டுவிட்டார். தலைக்கனம் என்ற சொல்லுக்கு அந்தக் காட்டில் எல்லோருக்கும் பயம், வாயாடி கும்சாவுக்கும்தான்.

"அடடா, வந்தவங்கள பேரு இல்லாம உக்கார வச்சிருக்கோமே. யாராவது இவங்களுக்கு ஒரு பேரு குடுங்க" என்றார் வகுப்பைப் பார்த்து.

மூன்றாவது வரிசையில் ஒரு சின்ன உருவம் எழுந்தது. வருஷம் முழுக்கப் பேசாத குரல் பேசியது.

"என் பேர எடுத்துக்கட்டும்."

கும்சாவுக்கு நெஞ்சு பூரித்தது. பேசிவிட்டாள். அடுத்த மூச்சில் சிக்கல் புரிந்தது: அந்த அம்மாவும் சூகோ ஆகிவிட்டால் தனக்கு இன்னொரு மாமியார். அந்தப் பெயர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தார், மூடினார். அதற்குள் நங்குரா கடைசி பெஞ்சுக்கே போய் ஆய்வாளருக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மேடம், உங்களுக்கு சூகோன்னு பேரு குடுத்திருக்கா. இனிமே அவளும் நீங்களும் ஒண்ணு. எனக்கு நீங்க பெரியம்மா."

அதோடு வகுப்பு அவிழ்ந்தது. "எனக்குப் பாட்டி", "எனக்கு அண்ணி", "ஐயோ, எனக்கு மாமியாரா, நான் அந்தப் பக்கம் போறேன்" என்று ஆளாளுக்கு விரல்விட்டு எண்ணினார்கள். ஒரே பெயர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் எந்தக் கேலி வேண்டுமானாலும் செய்யலாம். சின்னச் சூகோ நேரே போய்ப் பெரிய சூகோவின் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்தாள்.

"என் பேர வச்சுக்கிட்டு கொம்போட வந்து நிக்கிறியே. உன்ன மேய்க்கணுமா, பால் கறக்கணுமா?"

நங்குரா வாயைப் பொத்திக்கொண்டே மொழிபெயர்த்தாள். ஹெங்காரி அம்மா சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது. "அவகிட்ட சொல்லு, இந்த மாடு முட்டும்" என்றார். "நீ பள்ளிக்கூடத்த விட்டு மூணு தடவ ஓடுனவன்னு கேள்விப்பட்டேனே, நெசமா?"

"நெசந்தான். நீ எத்தன தடவ ஓடுன?"

"ஒரு தடவ. எங்கம்மா அடிச்சுத் திரும்பக் கொண்டுவந்து விட்டா."

"அப்ப நான்தான் பெரியவ" என்றாள் சின்னச் சூகோ. "திரும்பி வரும்போது நான் தனியாத்தான் வந்தேன். இங்க நான் யாருன்னு எல்லாருக்கும் தெரியும்."

அதற்கப்புறம் தடங்களைப் பற்றிய கேள்விகளுக்கு முப்பது பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். கழுதைப்புலியின் பின்னங்கால் நொண்டி என்று கண்டுபிடித்தவன் கம்பளி பிடுங்கிய அந்தக் கடைக்காரர் மகன். ஆனால் வாத்தியார் மட்டும் மிச்சப் பாடம் முழுவதையும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே நடத்தினார். திரும்பினால் இரண்டு மாமியார்கள் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் தலைமையாசிரியர் அறைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. கும்சா வாசலோடு நின்றுகொண்டார்; பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே, கண் தரையில்.

"பிள்ளைகள் நல்லாத்தான் சொல்லுது" என்றார் ஹெங்காரி அம்மா. "ஆனா இத ஏன் கட்டாயமாக்கணும்? விருப்பப்பட்டவங்க மட்டும் படிக்கட்டுமே. நீங்க என்ன சொல்றீங்க?"

கும்சாவுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் முப்பது வருஷமாகத் தொண்டையில் நின்றது. வாய் திறக்கவில்லை.

"வாத்தியாரே, வாயில என்ன களியா?" என்றார் ஹாமுன்யேலா. "ஒரு வருஷமா என் காதக் கடிச்சீரே, இப்பப் பேசும்."

கும்சா பேசவில்லை. ஆய்வாளரின் முகம் மாறியது. "வகுப்புலயும் பாத்தேன், எனக்கு முதுகத்தான் காட்டுனாரு. என்கிட்டப் பேச இஷ்டமில்லையா, இல்ல சொல்றதுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார்.

நாலே நாலு வார்த்தை நேராகப் பார்த்துச் சொல்லிவிட்டால் வகுப்பு பிழைத்துவிடும். யாரும் அவரைத் தண்டிக்கப் போவதில்லை. காலையில் வைத்த பெயர்தானே, விளையாட்டு என்று சொல்லிவிடலாம். கும்சா தலையைக்கூடத் தூக்கினார். அப்போது எதிர் ஜன்னல் கம்பிக்கு வெளியே பிள்ளைகளின் தலைகள் தெரிந்தன. நடுவில் சின்னச் சூகோ. வருஷம் முழுக்க அவளை அத்தை என்று அழைத்துவிட்டு, அதிகாரி ஒருத்தர் கேள்வி கேட்டதும் அந்த மரியாதையைக் கழற்றிப் போட்டால், இத்தனை நாள் சொல்லிக் கொடுத்தது எல்லாம் பொய் என்றுதானே ஆகும்? பிள்ளைகள் அதை ஒருநாளும் மறக்க மாட்டார்கள்.

கும்சா திரும்பி நடந்தார்.

"பாத்தீங்களா மேடம்" என்றார் ஹாமுன்யேலா, பாவம், நிஜமான வருத்தத்தோடு.

கும்சா நேரே போனது பள்ளிச் சமையற்கட்டுக்கு. அங்கே ஊசே பெரிய பானையில் சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். இரண்டே நிமிஷத்தில் களி ஒட்டிய துடுப்போடு அறைக்குள் வந்து நின்றாள். ஒரு காலத்தில் கடையில் வேலை பார்த்தவள், எந்தப் பாஷையிலும் யாரையும் சமாளிப்பாள். கும்சா வெளியே ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார், அறைக்கு முதுகைக் காட்டியபடி.

"எங்கம்மா எங்க?" என்று கேட்டாள் ஊசே.

"யாரு?" என்றார் ஹெங்காரி அம்மா.

"நீங்கதான். எங்கம்மா பேரு உங்களுக்கு விழுந்திருச்சாமே. அப்ப எனக்கு அம்மா, வெளிய உக்காந்திருக்காரே அந்தாளுக்கு மாமியார். மாமியார் மூஞ்சியப் பாத்து மருமகன் பேச மாட்டான். அந்தாளு பேசாம இருக்கிறத நானும் பதினாலு வருஷத்துல இன்னைக்குத்தான் இவ்வளவு நேரம் பாக்குறேன், கொஞ்சம் நிம்மதியாத்தான் இருக்கு. நீங்க கேக்குறத என்கிட்டக் கேளுங்க."

ஹெங்காரி அம்மா ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பேனாவை மூடிக் கீழே வைத்தார். "எங்க பக்கமும் மாமியாருக்கு மரியாத உண்டு" என்றார் மெதுவாக. "இவ்வளவு இல்ல. சரி, அவருகிட்டக் கேளு, எதுக்குக் கட்டாயம்?"

ஊசே ஜன்னல் பக்கம் போனாள். கீழேயிருந்து கும்சாவின் குரல் மடை திறந்துகொண்டது. ஊசே துடுப்பால் சுவரைத் தட்டினாள். "இந்தாய்யா, மூச்சு விட்டுப் பேசு. நான் சொல்லணும்ல." பிறகு திரும்பினாள்.

"விருப்பம்னு விட்டா எங்க பிள்ளைங்க மட்டும்தான் வந்து உக்காரும்ங்கிறாரு. எங்க பிள்ளைங்களுக்குத்தான் நாங்க யாருன்னு ஏற்கெனவே தெரியுமே. தெரியாதவங்கல்ல கத்துக்கணும். நாங்க யாருன்னு தெரியாமத்தான அடுத்த பிள்ளைங்க கம்பளியப் பிடுங்குச்சு, எங்க பிள்ளைங்க காட்டுக்கு ஓடுச்சு."

"இங்கிலீஷுக்கு நேரம் பத்தலங்கிறாரு தலைமையாசிரியர்."

மறுபடி ஜன்னல், மறுபடி வெள்ளம். "இங்கிலீஷ் வேணாம்னு யாரு சொன்னாங்கிறாரு. அது கட்டாயந்தான? பிள்ளைகிட்ட இஷ்டமா இல்லையான்னு யாராவது கேட்டாங்களா? நாள் பூரா நாங்க எல்லாரு பாஷையிலயும் உக்காந்திருக்கோம். ஒரு பாடவேள எல்லாரும் எங்க பாஷையில உக்காரட்டும். இங்க இருக்கிற பிள்ளைதான் இங்கிலீஷே படிக்க முடியும், ஓடிப்போன பிள்ள என்னத்தப் படிக்கும்ங்கிறாரு." ஊசே நிறுத்தினாள். "இதவிட இன்னும் நெறையச் சொன்னாரு. நான் சுருக்கிட்டேன்."

ஹெங்காரி அம்மா தலைமையாசிரியரைப் பார்த்தார். "போன வருஷக் கணக்கும் இந்த வருஷக் கணக்கும்?"

ஹாமுன்யேலா பதிவேட்டைப் புரட்டாமலே சொன்னார். "ஏழு. பத்தொன்பது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது உண்மைதான் மேடம். நான் மறைக்க மாட்டேன்."

"இந்தப் பாஷைய வெளியூர்ப் பிள்ள கத்துக்கிட்டு என்ன பிரயோஜனம்னு உங்க கடிதத்துல எழுதியிருந்தீங்க. காலையில எனக்கு மொழிபெயர்த்தது யாரு?"

"போலீஸ்காரர் பொண்ணு" என்றார் ஹாமுன்யேலா. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மத்தியானம் ஜீப் புறப்படத் தயாராயிற்று. வாசலுக்குப் போகிற மணல் பாதையில் கும்சா நின்றுகொண்டிருந்தார். அம்மா வருவதைப் பார்த்து வழக்கம்போல முள்பக்கம் ஒதுங்கக் காலெடுத்தார். அதற்குள் ஹெங்காரி அம்மா நின்றார். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, தரை தொடும் பாவாடையைத் தூக்கிப் பிடித்து, தானே பாதையை விட்டு முள்ளுக்குள் இறங்கிச் சுற்றி நடந்தார். பாவாடையில் முள் மாட்டிக் கிழிந்தது. அந்த அம்மா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜீப்பின் கதவருகே போய் நின்று ஊசேயைக் கூப்பிட்டார்.

"மகளே, உன் புருஷன்கிட்ட சொல்லு. அடுத்த பருவத்துலேர்ந்து எல்லாப் பிள்ளையும் அந்த வகுப்புல உக்காரணும்னு எழுதிட்டேன். மருமகன் நல்ல பங்குதான் குடுத்திருக்காருன்னும் சொல்லு."

பத்தடி தூரத்தில் நின்றிருந்த கும்சாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. இருந்தாலும் ஊசே வந்து முதலிலிருந்து சொல்லும்வரை காத்திருந்தார். சொல்லி முடித்ததும் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குள் போய்விட்டார்.

பேசத் தடையே இல்லாத ஊசேயின் எதிரில் கும்சா வாத்தியார் பேச்சற்று நின்றது அந்த ஒரே தடவைதான். ஊசே இதைத்தான் இன்றைக்கும் குடியிருப்பு குடியிருப்பாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.